கேமரா வாங்குவதற்கு முன், படம் பகிர்வதற்கு முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"எந்தக் கேமரா வாங்கலாம்?" என்று யார் கேட்டாலும் நான் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்பது வழக்கம்: எடுக்கும் படத்தைக் கடைசியில் எங்கே பார்க்கப் போகிறீர்கள்? கைபேசித் திரையிலா, கணினியிலா, சுவரில் மாட்டும் அச்சிலா? இதை யோசித்துவிட்டு வருபவர்கள் குறைவு. விலைப்பட்டியலை மனப்பாடமாக ஒப்பிப்பவர்கள்தான் அதிகம். படம் போய்ச் சேரும் இடத்தை முதலில் முடிவு செய்தால், பாதிக் கேள்விகள் கேட்காமலேயே தீர்ந்துவிடும். மீதிப் பாதிக்கான பதில்கள் கீழே.

கைபேசியே நன்றாகப் படம் எடுக்கிறது. தனியாக ஒரு கேமரா தேவைதானா?

பலருக்குத் தேவையில்லை. பகல் வெளிச்சத்தில் நிற்கும் மனிதர்களையும் இயற்கைக் காட்சிகளையும் எடுத்துக் கைபேசியிலேயே பார்க்கப் போகிறவர், தனிக் கேமராவுக்குச் செலவழித்து அதிகம் காணப்போவதில்லை. கைபேசி ஒரே நொடியில் பல படங்களை எடுத்து ஒன்றாகக் கோத்துவிடுகிறது. கேமராக்கள் இந்த வித்தையில் பின்தங்கியே இருக்கின்றன.

கைபேசி திணறும் இடங்கள் சில உண்டு. தொலைவில் மரக்கிளையில் உட்கார்ந்திருக்கும் பறவை, மங்கிய அரங்கத்தில் ஓடும் விளையாட்டு வீரர், மேடையில் சுழலும் நடனக்காரர், சுவரளவு பெரிதாக்க வேண்டிய படம். இவற்றில் ஏதாவது ஒன்றை நீங்கள் அடிக்கடி எடுக்கிறீர்கள் என்றால் மேலே படியுங்கள். "எப்போதாவது எடுப்பேன்" என்றால் யாரிடமாவது இரவல் வாங்குவது நல்லது.

எத்தனை மெகாபிக்சல் இருந்தால் போதும்?

ஒரு மெகாபிக்சல் என்பது 10 லட்சம் புள்ளிகள். கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். 4கே திரை என்பது 3840க்கு 2160, அதாவது சுமார் 83 லட்சம் புள்ளிகள். முழு எச்டி திரைக்கு 21 லட்சம் போதும். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்று வைத்துக்கொண்டால், 12க்கு 8 அங்குலப் படத்துக்கு 3600க்கு 2400, அதாவது 86 லட்சம். ஆக 9 மெகாபிக்சலில் பெரும்பாலானோரின் தேவை முடிந்துவிடுகிறது. இன்று வரும் நல்ல கேமராக்கள் பெரும்பாலும் 20 மெகாபிக்சலுக்குக் குறைவதில்லை. மிச்சமிருப்பது வெட்டிச் சீராக்குவதற்கு.

24ஐ விட 48 இரண்டு மடங்கு தெளிவு என்று விற்பனையாளர் சொன்னால் புன்னகைத்துவிட்டு நகருங்கள். புள்ளிகள் நீளத்திலும் அகலத்திலும் பங்கு பிரியும். அதனால் ஒரு பக்கத்தில் கூடுவது 1.4 மடங்குதான். கோப்பின் எடை மட்டும் ஏமாற்றாமல் இரண்டு மடங்காகிவிடும். அதைத் தாங்க கார்டு, கணினி, வன்தட்டு எல்லாமே பெரிதாக வேண்டும். பறவைப் படம் எடுப்பவர்களுக்கு 45 மெகாபிக்சல் வரம்தான், ஏனென்றால் அவர்கள் படத்தின் கால்பகுதியை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்பவர்கள். மற்றவர்களுக்குப் பாரம்.

1975இல் கோடக் நிறுவனத்தில் ஸ்டீவ் சாசன் உருவாக்கிய முதல் டிஜிட்டல் கேமரா 100க்கு 100 புள்ளிகள் கொண்டது. மொத்தம் பத்தாயிரம். ஒரு படத்தை கேசட் நாடாவில் பதிய அதற்கு 23 நொடிகள் பிடித்தன. வேகத்தைப் பற்றிப் புலம்பும்போதெல்லாம் நான் அதை நினைத்துக்கொள்வேன்.

ஃபுல் ஃபிரேம், ஏபிஎஸ்-சி, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ்: இவற்றில் எது?

இவை மூன்றும் சென்சாரின், அதாவது வெளிச்சத்தைப் படமாகப் பதியும் சில்லின், அளவைச் சொல்பவை. ஃபுல் ஃபிரேம் 36க்கு 24 மி.மீ. பழைய 35 மி.மீ. ஃபிலிமின் அளவு அது. ஏபிஎஸ்-சி ஏறத்தாழ 23.5க்கு 15.6 மி.மீ.; கேனனில் இன்னும் சற்றுச் சிறியது. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 17.3க்கு 13 மி.மீ. இவற்றுக்கும் கீழே "ஒரு அங்குல" சென்சார் என்று ஒன்று வரும். அளந்தால் 13.2க்கு 8.8 மி.மீ.தான் இருக்கும். எந்தப் பக்கத்திலும் ஒரு அங்குலம் கிடையாது. பழைய வீடியோ கேமராக் குழாய்களின் வெளிவிட்டத்தை வைத்து அழைத்த வழக்கம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பரப்பு பெரிதானால் பிடிக்கும் வெளிச்சமும் கூடும். மழை பெய்யும்போது அகலமான அண்டாவையும் குறுகிய சொம்பையும் முற்றத்தில் வைத்ததைப் போலத்தான். ஃபுல் ஃபிரேமின் பரப்பு ஏபிஎஸ்-சியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். மங்கலான இடத்தில் படத்தில் குருணை குருணையாகத் தெரியும் நொய்ஸ் குறையும். பின்னணியும் எளிதில் மங்கும்.

ஆனால் சென்சார் பெரிதானால் லென்ஸும் பெரிதாகும், எடையும் விலையும் கூடும். இதைக் கடையில் யாரும் நினைப்பதில்லை, மலையேறும்போதுதான் நினைக்கிறார்கள். ஏபிஎஸ்-சியில் 200 மி.மீ. லென்ஸ் ஃபுல் ஃபிரேமின் 300 மி.மீ. லென்ஸ் காட்டும் பரப்பைக் காட்டும். அதே லென்ஸ் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் ஃபுல் ஃபிரேமின் 400 மி.மீ. காட்டுவதைக் காட்டும். தொலைவிலுள்ளதை எடுப்பவர்களுக்கு இது லாபம். என் தீர்ப்பைக் கேட்டால், இரவு நேர நிகழ்ச்சிகளை எடுப்பவருக்கு ஃபுல் ஃபிரேம். பையில் எப்போதும் கேமரா இருக்க வேண்டும் என்பவருக்கு மற்ற இரண்டில் ஒன்று. வீட்டு அலமாரியில் தூங்கும் பெரிய சென்சாரைவிடக் கூடவே வரும் சிறிய சென்சார் அதிகப் படம் தரும்.

டிஎஸ்எல்ஆரா, மிரர்லெஸ்ஸா?

டிஎஸ்எல்ஆருக்குள் காட்சியைக் கண்ணுக்குத் திருப்பிவிடும் ஒரு கண்ணாடி உண்டு; மிரர்லெஸ்ஸில் அது இல்லை. புதிதாக வாங்குபவருக்கு மிரர்லெஸ். 2008இல் பானாசோனிக் ஜி1 வழியாகத் தொடங்கிய இந்த வகையை நோக்கி 2018இல் கேனனும் நிக்கானும் ஃபுல் ஃபிரேமுடன் வந்து சேர்ந்தன. அதற்குப் பிறகு வந்த புதிய லென்ஸ்களும் ஆட்டோஃபோகஸ் முன்னேற்றமும் பெரும்பாலும் இந்தப் பக்கத்தில்தான். கண்ணை அடையாளம் கண்டு அதைத் தொடர்ந்து பிடித்துக்கொள்ளும் ஃபோகஸ் ஒன்றுக்காகவே மாறலாம்.

டிஎஸ்எல்ஆருக்கு இன்றும் இரண்டு பெருமைகள் உண்டு. கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரில் தெரிவது திரையல்ல, கண்ணாடி வழியே வரும் உண்மையான காட்சி. அதனால் ஒரு பேட்டரி வெகுநேரம் தாங்கும். இரண்டாவது, பழைய சந்தையில் மலிவு. கற்றுக்கொள்ளத் தொடங்கும் மாணவருக்கு நல்ல நிலையிலுள்ள பழைய டிஎஸ்எல்ஆர் ஒன்றும் குறைவானதல்ல.

பழைய லென்ஸ்கள் வீணாகுமோ என்று அஞ்ச வேண்டாம். கேனனின் பழைய ஈஎஃப் பொருத்தியில் லென்ஸுக்கும் சென்சாருக்கும் இடைவெளி 44 மி.மீ., புதிய ஆர்எஃப்பில் 20 மி.மீ. நடுவில் 24 மி.மீ. தடிமனுள்ள அடாப்டரைப் போட்டால் பழைய லென்ஸ் புதிய உடலில் வேலை செய்யும். புதியதைப் பழையதில் போட வழியில்லை.

எந்த நிறுவனம் நல்லது?

உங்களுக்கு லென்ஸ் இரவல் தரக்கூடிய நண்பர் எந்த நிறுவனம் வைத்திருக்கிறாரோ அது.

பணத்தை உடலில் போடுவதா, லென்ஸிலா?

லென்ஸில். கேமரா உடல் சில ஆண்டுகளில் பழசாகிவிடும். நல்ல லென்ஸ் இருபது ஆண்டுகள் உழைக்கும்.

ஏன் என்பதை ஒரே காட்சியில் காட்டிவிடலாம். உள்ளரங்கில் பூப்பந்து ஆட்டம். துள்ளி அடிக்கும் கை மங்கலாகத் தெரியாதிருக்க ஷட்டர் வேகம், அதாவது படம் பதியும் நேரம், ஒரு நொடியில் 500இல் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோ இருக்க வேண்டும். கேமராவோடு கிடைக்கும் 18-55 கிட் லென்ஸை 50 மி.மீ. பக்கம் இழுத்தால் அதன் துளை எஃப் 5.6க்கு மேல் திறக்காது. போதிய வெளிச்சம் வராததால் கேமரா ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும் எண்ணை, 12800க்குத் தூக்கும். படம் வரும், முகமெல்லாம் மணல் தூவியதுபோல் வரும். அதே இடத்தில் அதே கேமராவில் எஃப் 1.8 கொண்ட 50 மி.மீ. லென்ஸைப் போட்டுப் பாருங்கள். எஃப் எண் என்பது குவியத் தூரத்தை (லென்ஸின் மி.மீ. எண்) துளையின் விட்டத்தால் வகுத்தது. 50ஐ 1.8ஆல் வகுத்தால் 28 மி.மீ. விட்டம்; 5.6ஆல் வகுத்தால் வெறும் 9 மி.மீ. பரப்பில் ஏறத்தாழ பத்து மடங்கு வேறுபாடு. ஐஎஸ்ஓ 1300 அளவில் நின்றுவிடும். முகம் முகமாக வரும். இத்தனைக்கும் 50 மி.மீ. எஃப் 1.8 பெரும்பாலான நிறுவனங்களிடம் மிக மலிவான லென்ஸ்களில் ஒன்று.

ஒரே லென்ஸில் 18 முதல் 300 வரை எல்லாம் வேண்டும் என்று தேடுபவர்களைத் தடுக்க மாட்டேன். பயணத்துக்கு வசதிதான். ஆனால் எல்லாம் செய்யும் கருவி எதையும் அரைகுறையாகவே செய்யும் என்பது இங்கேயும் பொருந்தும்.

கேமராவுக்குள்ளேயே நடுக்கத் தடுப்பு இருந்தால் எல்லாப் படமும் தெளிவாக வருமா?

உங்கள் கை நடுக்கத்தை அது தடுக்கும். எதிரே ஊஞ்சலாடும் குழந்தையை அது தடுக்காது. அந்தி வெளிச்சத்தில் ஒரு நொடியில் 15இல் ஒரு பங்கு வைத்து எடுத்தால், ஊஞ்சலின் கம்பம் கூர்மையாகவும் குழந்தை ஒரு நிறக் கோடாகவும் வரும். சில நேரம் அது அழகு. வேண்டாம் என்றால் ஷட்டர் வேகத்தைக் கூட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

பழைய கேமராவை நம்பி வாங்கலாமா?

வாங்கலாம், நேரில் பார்த்து. ஷட்டர் எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்று கேளுங்கள். பெரும்பாலான உடல்களுக்கு ஒரு லட்சம் முதல் இரண்டு லட்சம் முறை என்று நிறுவனங்கள் கணக்கு வைக்கின்றன. துளையை எஃப் 16க்குச் சுருக்கி ஒரு வெள்ளைச் சுவரை எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். கரும்புள்ளிகள் தெரிந்தால் சென்சாரில் தூசி. அது துடைத்தால் போகும், கீறல் போகாது. லென்ஸின் ஒரு முனையில் டார்ச் அடித்து மறுமுனையில் பாருங்கள். சிலந்தி வலை போல மெல்லிய இழைகள் ஓடினால் அது பூஞ்சை. அந்த லென்ஸை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள். நான் ஒரு முறை சொல்லாமல் வந்தேன். அதைத் துடைக்கக் கொடுத்த செலவில் புதிய லென்ஸே வாங்கியிருக்கலாம்.

கடையில் கையில் எடுத்ததும் எதைக் கவனிப்பது?

பத்து நிமிடம் பிடித்துக்கொண்டே பேசுங்கள். சுண்டுவிரல் அடியில் தொங்குகிறதா? கண்ணை எடுக்காமல் ஐஎஸ்ஓவை மாற்ற விரல் எட்டுகிறதா? கண்ணாடி அணிபவர் என்றால் வியூஃபைண்டரின் நான்கு மூலையும் தெரிகிறதா? எந்த விளம்பரத் தாளிலும் இவை இருக்காது. ஆனால் மூன்றாம் மாதம் கேமராவை எடுத்துச் செல்வீர்களா, விட்டுச் செல்வீர்களா என்பது இவற்றைப் பொறுத்ததுதான்.

ரா கோப்பாக எடுப்பதா, ஜேபெக்காகவா?

சென்சாரின் ஒவ்வொரு புள்ளியும் ஒரே ஒரு நிறத்தைத்தான் பார்க்கிறது. பாதிப் புள்ளிகள் பச்சை, கால்வாசி சிவப்பு, கால்வாசி நீலம். கோடக்கைச் சேர்ந்த பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. இன்றும் பெரும்பாலான கேமராக்களில் இருப்பது இதுவே. ரா கோப்பு இந்த மூல அளவீட்டை அப்படியே வைத்திருக்கும். ஜேபெக் என்றால் கேமராவே இடைவெளிகளை நிரப்பி, நிறம் தீர்மானித்து, சுருக்கிக் கொடுத்துவிடும்.

எண்ணில் சொன்னால், ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள். 14 பிட் ராவில் 16,384. வெயிலில் வெளுத்துப்போன வானத்தையோ நிழலில் இருண்ட முகத்தையோ மீட்க முயலும்போதுதான் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். குழல் விளக்கின் கீழ் நிறம் பச்சையடித்துப் போன படத்தை ராவில் நொடியில் சரிசெய்யலாம். ஜேபெக்கில் போராட வேண்டும்.

திருத்த உட்கார மாட்டீர்கள் என்று உங்களுக்கே தெரிந்தால் ஜேபெக் போதும். திருத்தாத ரா கோப்புகளை ஆயிரக்கணக்கில் சேர்த்து வைப்பது சுடாத மாவை வைத்திருப்பதுபோல். இரண்டையும் சேர்த்துப் பதியும் வசதி எல்லா நல்ல கேமராவிலும் உண்டு. தொடக்க ஆண்டில் அப்படியே வையுங்கள்.

மெமரி கார்டில் எதைப் பார்த்து வாங்குவது?

பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பது பெரும்பாலும் படிக்கும் வேகம். எழுதும் வேகம்தான் முக்கியம். கார்டில் வி30 என்றிருந்தால் நொடிக்குக் குறைந்தது 30 எம்பி எழுதும் உறுதி. வி60, வி90 என்று மேலே போகும். சாதாரண 4கே வீடியோவுக்கு வி30 பெரும்பாலும் போதும். 256 ஜிபி ஒன்றைவிட 64 ஜிபி நான்கு நல்லது: ஒன்று தொலைந்தால் பயணம் முழுவதும் தொலையாது.

அனுப்பியவுடன் படம் மங்கிப்போகிறதே, ஏன்?

வாட்ஸ்அப் போன்ற செயலிகள் படத்தைச் சுருக்கி அனுப்புகின்றன. அதை ஒருவர் சேமித்து இன்னொருவருக்கு அனுப்ப, அவர் திரைப்பிடிப்பு எடுத்து வேறொரு தளத்தில் போட, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உதிர்கிறது.

இரண்டு வழிகள். முழுத் தரத்தில் போக வேண்டிய படத்தை "ஆவணம்" என்ற வழியில் இணைத்து அனுப்புங்கள். கோப்பு தொடப்படாமல் போகும். பார்த்து ரசிப்பதற்கு மட்டும் என்றால் நீங்களே சுருக்கிவிடுங்கள். 6000க்கு 4000 புள்ளியுள்ள 10 எம்பி ஜேபெக்கை, நீளப் பக்கம் 2048 புள்ளியாக்கி 85 விழுக்காடு தரத்தில் சேமித்தால், பெரும்பாலும் ஒரு எம்பிக்குள் அடங்கும். எந்தக் கைபேசியிலும் பளிச்சென்று தெரியும். செயலி கண்டபடி சுருக்குவதைவிட நாமே அளந்து சுருக்குவது எப்போதும் மேல்.

நிறைய படங்கள் என்றால் கூகுள் ஃபோட்டோஸ் போன்ற இடத்தில் ஒரு ஆல்பமாக ஏற்றி இணைப்பை அனுப்பலாம். அங்கே இலவச இடம் 15 ஜிபி, அதுவும் மின்னஞ்சலோடு பகிர்ந்துகொள்வது. அளவற்ற இலவசச் சேமிப்பு 2021 ஜூன் 1ஆம் தேதியோடு முடிந்தது. இணைப்பு யார் கையில் கிடைத்தாலும் திறக்கும்படி இருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

கணினியில் நன்றாக இருந்த நிறம் பிறரிடம் வெளிறித் தெரிகிறது. யார் தவறு?

பெரும்பாலும் கேமரா மெனுவில் ஒரு அமைப்பின் தவறு. நிறவெளி, அதாவது பதியும் நிறங்களின் எல்லை, அடோபி ஆர்ஜிபி என்று இருந்தால் எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றுங்கள். முன்னது அகலமானதுதான்; ஆனால் அதைப் புரிந்துகொள்ளாத செயலியில் படம் சோகையாகத் தெரியும்.

படத்தோடு என் வீட்டு இருப்பிடமும் போய்விடுமா?

போகலாம். கேமரா எழுதும் படக் கோப்பில் எக்ஸிஃப் என்ற குறிப்பு உண்டு. தேதி, நேரம், லென்ஸ், ஷட்டர் வேகம், பல நேரம் கேமராவின் வரிசை எண் எல்லாம் அதில் பதிவாகும். கேமராவைக் கைபேசிச் செயலியோடு இணைத்திருந்தால் இருப்பிடமும் சேரலாம். செயலிகள் படத்தைச் சுருக்கும்போது பெரும்பாலும் இந்தக் குறிப்பையும் உதிர்த்துவிடும். மேலே சொன்ன "ஆவணம்" வழியில் அனுப்பினால் எல்லாம் அப்படியே போய்ச் சேரும். ஆகவே அறிமுகமில்லாதவருக்கு அனுப்பும் முன் இருப்பிடத்தை நீக்குங்கள். திருத்தும் மென்பொருள்களில் ஏற்றுமதி செய்யும்போதே அதற்கு ஒரு தெரிவு இருக்கும்.

எக்ஸிஃப்பால் நன்மையும் உண்டு, கேமராவின் கடிகாரம் சரியாக இருந்தால். ஒரு பயணத்தில் நானும் நண்பரும் எடுத்த படங்களை ஒரே ஆல்பமாகச் சேர்த்தோம். என் கடிகாரம் சில மணி நேரம் தள்ளியிருந்ததால், மாலையில் கரை சேர்ந்தவர்கள் அதன்பின் காலையில் படகேறினார்கள்.

அச்சுக்குக் கொடுத்த குழுப் படத்தில் ஓரத்தில் நின்றவர் வெட்டுப்பட்டுவிட்டார். எப்படி?

பெரும்பாலான கேமராக்களின் படம் 3க்கு 2 என்ற விகிதம். 12க்கு 8 அங்குலத்தில் அது சரியாக உட்காரும். 10க்கு 8 கேட்டீர்கள் என்றால் நீளத்தில் ஆறில் ஒரு பங்கு போய்விடும். வெட்டப்போவது இயந்திரம், அதற்கு உங்கள் மாமாவைத் தெரியாது. நீங்களே அந்த விகிதத்துக்கு வெட்டிக் கொடுங்கள். எடுக்கும்போதே இரு ஓரங்களிலும் கொஞ்சம் இடம் விட்டால் இன்னும் நல்லது.

என் படங்களைப் பிறர் எடுத்துப் பயன்படுத்தாமல் தடுக்க முடியுமா?

முழுதாக முடியாது. சிறிய அளவில் பகிர்வது ஓரளவு உதவும். நடுவில் பெரிதாகப் பெயர் பொறிப்பது திருடனைவிட ரசிகனைத்தான் அதிகம் விரட்டும். மூல ரா கோப்பு உங்களிடம் இருந்தால், எடுத்தவர் நீங்கள் என்று காட்ட அது வலுவான சான்று. அதே மரியாதையை எதிரே நின்றவருக்கும் தர வேண்டும்: அடுத்தவர் முகத்தையும், முக்கியமாக அவர்கள் பிள்ளைகளையும், கேட்காமல் பொதுவெளியில் போடாதீர்கள்.

எத்தனை படம் பகிரலாம்?

நானூறு எடுத்தால் இருபது. ஒரே சிரிப்பின் ஏழு பிரதிகளில் ஒன்றைத் தேர்வதும் படம் எடுப்பவரின் வேலைதான். அதைப் பார்ப்பவர் தலையில் கட்டக் கூடாது.

பத்திரமாக எங்கே வைப்பது? கார்டில் தவறுதலாக அழித்துவிட்டால்?

மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வீட்டுக்கு வெளியே. கணினி, தனி வன்தட்டு, மேகச் சேமிப்பு என்றால் கணக்குச் சரி. ஒரே வன்தட்டின் இரண்டு கோப்புறைகள் இரண்டு பிரதிகள் ஆகா.

அழித்துவிட்டீர்கள் என்றால் பதற்றத்தில் இன்னொரு படம் எடுக்காதீர்கள். அழிக்கும்போது பெரும்பாலும் பட்டியல்தான் போகிறது; படம் கார்டிலேயே கிடக்கும், அதன் மேல் புதியது எழுதப்படும்வரை. கேமராவை அணைத்து, கார்டை வெளியே எடுத்து, அதன் பக்கத்திலுள்ள சிறிய பூட்டைக் கீழே தள்ளிவிட்டு, பிறகு கணினியில் மீட்பு மென்பொருளைத் தேடுங்கள்.